வெளியூர் மெட்ச் பார்க்கப் போகிறீர்களா? திரும்பி வருவதில் இருந்து கணக்குப் போடுங்கள்

போன கிழமை மட்டக்களப்பு கல்லடியில் ஒரு தம்பி மறித்துக் கேட்டார். அவர்களுடைய கழகம் திருகோணமலையில் அரையிறுதி விளையாடப் போகிறதாம், ஐம்பது பேராவது போய்க் கத்த வேண்டுமாம், பஸ் எங்கே பிடிக்கலாம் என்று. "பஸ் கிடக்கட்டும் மனே, எத்தனை மணிக்குத் திரும்பி வருவீங்க, அதை முதல்ல சொல்லுங்க" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. அநேகமானவர்களிடம் இருக்காது. எங்கள் கழகத்துக்காகப் பதினாறு வருடமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு உதைபந்துப் போட்டிகளுக்குப் போய் வருகிறேன், வாவிக்கு மேற்கே கிடக்கும் படுவான்கரைக்கு மோட்டார் சைக்கிளில், கல்முனைக்கு லைன் பஸ்ஸில், திருகோணமலைக்கு ஹயர் பஸ்ஸில், யாழ்ப்பாணத்துக்கு இரவு முழுக்க உட்கார்ந்தபடி. கெட்டுப்போன பயணம் எல்லாம் திரும்பி வரும்போதுதான் கெட்டது. போகும்போது எல்லாருக்கும் உற்சாகம், யாராவது ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். வரும்போது களைப்பு, பசி, இருட்டு, தோற்றிருந்தால் மனமும் சரியில்லை.

அதனால் நேரத்தைப் பின்னால் இருந்து எண்ணுங்கள். எங்கள் பக்க மைதானங்கள் பலவற்றில் இரவில் விளையாட வெளிச்சம் கிடையாது, வெயில் கொஞ்சம் தணிய வேண்டும் என்று மூன்றரைக்கோ நாலுக்கோ தொடங்குவார்கள், இறுதிப்போட்டி என்றால் விருந்தினர் வந்து, விளக்கேற்றி, வீரர்களுக்குக் கைகொடுத்து முடிய இன்னும் அரை மணித்தியாலம் போகும். நாலு மணிக்கு விசில் ஊதினாலும் தொண்ணூறு நிமிடமும் பதினைந்து நிமிட இடைவேளையும் சேர்ந்து ஐந்தே முக்கால் தாண்டிவிடும், சமநிலை என்றால் மேலதிகமாக முப்பது நிமிடம், அப்புறம் ஆளுக்கு ஐந்து பெனால்டி. மார்கழி மாதத்தில் அந்த நேரத்துக்குப் பந்தே தெரியாது. அதனால்தான் ஊர்ப் போட்டிகள் பலவற்றில் நேரத்தைக் குறைத்துவிடுவார்கள், அல்லது மேலதிக நேரம் இல்லாமல் நேராகப் பெனால்டிக்குப் போவார்கள். உங்கள் கழகச் செயலாளரிடம் போட்டி விதிமுறைத் தாள் இருக்கும், வாங்கி ஒருதரம் வாசியுங்கள். பாதிக்கு எத்தனை நிமிடம், சமநிலை வந்தால் என்ன, பரிசளிப்பு எப்போது என்ற மூன்றும் தெரிந்தால் பஸ் கிளம்பும் நேரம் தெரிந்துவிடும்.

கிட்டத்துப் பயணம்தானே என்று நினைக்கிற படுவான்கரைப் போட்டிகளில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆட்கள் அசட்டையாக இருப்பது அங்கேதான். கடல் பக்கத்து எழுவான்கரையில் இருந்து வாவிக்கு அந்தப் பக்கம் போவதற்குப் பாலம் வழியும் உண்டு, பாதை வழியும் உண்டு. பாதை என்று நாங்கள் சொல்வது ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை. 2014-இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவதற்கு அங்கும் பாதைதான். குருக்கள்மடத்தில் இருந்து அம்பிளாந்துறைக்குப் போகும் பாதையில் ஏறும்போது, கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று ஓட்டுகிறவரிடமே கேளுங்கள், ஊரில் ஒருவர் சொன்னார் என்று நம்பிப் போகாதீர்கள். மெட்ச் முடிந்து நீங்கள் துறைக்கு வரும்போது பாதை அக்கரையில் கட்டிக் கிடந்தால், பட்டிருப்புப் பாலத்தாலோ மண்முனைப் பாலத்தாலோ சுற்றித்தான் வர வேண்டும், அதுவும் இருட்டில்.

இருட்டு என்று நான் பயப்படுத்துவது சும்மா இல்லை. படுவான்கரையில் பொழுதுபட்டால் யானை வீதிக்கு வரும், வயல் விளைகிற காலத்தில் இன்னும் அதிகம். ஒரு தடவை நாங்கள் ஒன்பது மோட்டார் சைக்கிள், முன்னால் போன பொடியன் சடாரென்று பிரேக் பிடித்தான், லைட் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஈரமான சாம்பல் நிறம் மட்டும்தான், மதில் என்றுதான் நினைத்தேன், அப்புறம் அந்த மதில் காதை ஆட்டியது. எஞ்சினை நிறுத்தாமல், ஹோர்ன் அடிக்காமல், மெதுவாகக் கிறுகி வந்த வழியே போய்க் கடையடியில் முக்கால் மணித்தியாலம் நின்றோம். அன்றைக்கு ஒன்பது பேரும் சேர்ந்து வந்ததால்தான் பிழைத்தோம் என்று இப்போதும் நினைக்கிறேன். மோட்டார் சைக்கிளில் போனால் கூட்டமாகப் போங்கள், கூட்டமாகத் திரும்புங்கள், வேகமாக ஓடுகிறவரைப் பின்னுக்கு விடுங்கள், முதல் ஆளாக நிதானமானவர் போகட்டும். ஒரு சைக்கிளில் மூன்று பேர் வேண்டவே வேண்டாம். ஹெல்மட் பின்னால் இருப்பவருக்கும்.

சரி, திருகோணமலை. மட்டக்களப்பில் இருந்து வாழைச்சேனை, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி, வெருகல், மூதூர், கிண்ணியா என்று போகும் கரையோர வீதி, ஏறத்தாழ நூற்று முப்பது கிலோமீட்டர். கிண்ணியாப் பாலம் 2009-இல் திறந்த பிறகு இந்த வழி சுகமாகிவிட்டது, அதற்கு முன் துறையில் பாதைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். பெரிய பஸ்ஸில் ஆட்களை ஏற்றி, ஒரு இடத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்திப் போனால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும் என்று வையுங்கள், நாலு என்று வைத்தால் இன்னும் நல்லது. நாலு மணி மெட்சுக்குக் காலை பத்துக்குள் புறப்பட வேண்டும் என்று சொன்னால் ஏன் இவ்வளவு நேரத்தோடு என்பார்கள். பத்து மணி என்று சொன்னால்தான் பதினொன்றுக்குப் புறப்படலாம்.

ஹயருக்கு பஸ் பேசும்போது விலையைப் பேசுவதற்கு முன்னால் மூன்று விடயம் கேட்க வேண்டும். முதலாவது, வழமையான ரூட்டை விட்டு வெளியே ஓடுவதற்கு அன்றைக்கான பெர்மிட் எடுத்துத் தருவாரா. இதை நாங்கள் கேட்காமல் விட்ட ஒரு வருடம் வழியில் பொலிஸ் மறித்து, சாரதியும் முதலாளியும் போனில் வாதாடி முடிய, நாங்கள் மைதானத்துக்குள் கால் வைக்கும்போது இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம். எங்கள் அணி அப்போதே இரண்டு கோல் வாங்கியிருந்தது, விளையாடுகிற பொடியன்கள் வெளியே பார்த்துப் பார்த்து விளையாடியதாகப் பிறகு சொன்னார்கள், எங்கள் ஆட்களைக் காணவில்லையே என்று. அது இன்னும் எனக்கு மனதில் கிடக்கிறது. இரண்டாவது, எத்தனை சீட். நாற்பத்தைந்து சீட் என்றால் நாற்பத்தைந்து பேர், மடியில் பிள்ளை வேறு விடயம், ஆனால் போகும்போது கலகலப்பாகத் தொங்கிக்கொண்டு போனவர் இரவு பதினொரு மணிக்கும் நின்றுகொண்டே வர முடியாது. மூன்றாவது சாரதி. முந்தின இரவு ஓடிவிட்டு நேரே உங்களிடம் வருகிறாரா என்று கேளுங்கள். மைதானத்துக்குப் போன பிறகு அவரை மெட்ச் பார்க்கக் கூப்பிடாதீர்கள், அன்புக்காகத்தான் கூப்பிடுவோம், ஆனால் அவர் தூங்க வேண்டும். பஸ்ஸை நிழலில் விட்டு, சாப்பாட்டைக் கையில் கொடுத்து, பெடல் அடிக்கிறேன் ஹோர்ன் அடிக்கிறேன் என்று பிள்ளைகள் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லொறியிலோ பட்டா என்கிற சின்ன லொறியிலோ ஆட்களை ஏற்றுவது மலிவுதான். செய்யாதீர்கள். ஒரு குழியில் விழுந்தால் பிடிக்க ஒன்றும் இல்லை.

காசைப் பற்றி. பஸ் காசு, சாப்பாடு, மைதான ரிக்கெட் எல்லாவற்றையும் கூட்டி, வருவதாகச் சொன்ன ஆட்களின் எண்ணிக்கையால் பிரிக்காதீர்கள், கட்டாயம் வருவார் என்று உங்களுக்குத் தெரிந்த ஆட்களால் பிரியுங்கள். ஐம்பது பேர் வருகிறோம் என்று வட்ஸ்அப்பில் கை தூக்கினால் முப்பத்தெட்டுப் பேர் ஏறுவார்கள். காசு தந்தவருக்குத்தான் சீட், காசு வாங்கும் கடைசி நாள் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால், இதைத் தொடக்கத்திலேயே எழுதிப் போட்டால் மனக்கசப்பு வராது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாதிக் காசு போதும், இல்லாத பிள்ளைக்கு யாராவது ஒரு அண்ணன் கட்டட்டும், அதை பஸ்ஸுக்குள் சத்தமாகச் சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கு நேரே போன் நம்பரும், பதினெட்டுக்குக் கீழே என்றால் தாய் தகப்பனின் நம்பரும், இறங்கும் இடமும் இருக்க வேண்டும்.

பெண்கள் வருவார்கள் என்றால், வரத்தான் வேண்டும், எங்கள் கோல்கீப்பரின் அம்மா கத்துகிற மாதிரி வேறு யாரும் கத்துவதில்லை, முன் வரிசைகளை அவர்களுக்கு விடுங்கள். வழியில் எங்கே நிறுத்துவது என்பதைச் சாரதியின் விருப்பத்துக்கு விடாமல் நல்ல கழிவறை உள்ள சாப்பாட்டுக் கடையாகப் பார்த்து முதலே முடிவுசெய்யுங்கள். மைதானத்தில் கழிவறை எப்படி என்று அந்த ஊர்க் கழகத்திடம் போனில் கேட்டால் சொல்வார்கள், பக்கத்து வீடொன்றைக் காட்டிவிடுவார்கள். கேட்பதில் ஒரு குறையும் இல்லை.

சாப்பாட்டுக்குக் காலையில் வீட்டிலேயே பார்சல் கட்டுவது நல்லது. பிட்டும் மீன்பொரியலும் மத்தியானம் வரை தாங்கும், தேங்காய்ப்பூ போட்ட சம்பல் வெயிலில் புளித்துவிடும், அதை விடுங்கள். வைகாசியில் இருந்து ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கிற காலம், முகத்தில் அடுப்பு ஊதுகிற மாதிரி இருக்கும், நின்று கத்துகிறவருக்கு ஒரு ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள். ஒரு ரெஜிபோம் பெட்டியில் ஐஸ், ஒரு பையில் தேசிக்காயும் உப்பும் சீனியும். தலை சுற்றுகிறது என்று ஒருவர் உட்கார்ந்தால் நிழலுக்குக் கூட்டிப்போய் உப்பும் சீனியும் கரைத்த தேசிக்காய்த் தண்ணீரை மெதுமெதுவாகக் குடிக்கக் கொடுங்கள், பேச்சு தடுமாறினால், மயங்கினால், யோசிக்காமல் 1990-க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ், நாட்டின் ஒன்பது மாகாணத்திலும் ஓடுகிறது. ஐப்பசிக்குப் பிறகு என்றால் இதெல்லாம் தலைகீழ், மழைக்கு ரெயின்கோட்டும் மாற்று உடுப்பும் வேண்டும், நனைந்த ரீசேட்டோடு மூன்று மணித்தியாலம் காற்றில் வந்தால் அடுத்த கிழமை பாதிப் பேர் காய்ச்சலில்.

குடியைப் பற்றி ஒரு வரிதான். குடித்தவரை ஏற்றாதீர்கள், போத்தலையும் ஏற்றாதீர்கள், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். நாங்கள் இரண்டு வருடம் இதில் விட்டுக்கொடுத்தோம், அந்த இரண்டு வருடமும் பெண்களும் பிள்ளைகளும் பஸ்ஸில் ஏறவில்லை.

இனி மைதானம். டிவியில் பார்க்கிற மாதிரி விருந்தாளி அணிக்கு என்று தனி இருக்கை, நடுவில் வேலி, காவல் எல்லாம் எங்கள் பக்கம் கிடையாது. கோட்டுக்கு வெளியே ஒரு கயிறு கட்டியிருப்பார்கள், கயிற்றடியில் நீங்களும் அவர்களும் தோளோடு தோள். உங்கள் பக்கத்தில் நிற்கிற அண்ணன் அந்த அணியின் சென்டர் ஃபோர்வர்டுடைய தகப்பனாக இருக்கலாம், பலமுறை அப்படித்தான் இருந்திருக்கிறது. அதனால் போனவுடன் முதல் வேலை, அந்த ஊர்க் கழகத் தலைவரையோ செயலாளரையோ தேடிப் போய் வணக்கமோ ஸலாமோ சொல்லி, நாங்கள் இத்தனை பேர் வந்திருக்கிறோம், எங்கே நிற்கலாம் என்று கேட்பது. கேட்டால் இடமும் தருவார்கள், வாளியில் தண்ணீரும் வரும். கேட்காமல் அவர்கள் எப்போதும் நிற்கிற இடத்தில் போய் ட்ரம்மை வைத்தால் மெட்ச் தொடங்க முன்னமே சண்டை தொடங்கிவிடும்.

நிற்பதற்குத் தெரிவு கிடைத்தால் மேற்குப் பக்கத்தைப் பிடியுங்கள். பின்னேரம் வெயில் முதுகில் விழும், ஆட்டம் தெளிவாகத் தெரியும், கிழக்கே நிற்கிறவர் இரண்டாம் பாதி முழுக்கக் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஊர் ஆட்களுக்கு இது தெரியும், அதனால் அந்தப் பக்கம் நேரத்தோடு நிரம்பிவிடும். அது இல்லாவிட்டால் உங்கள் அணியின் மாற்று வீரர்கள் உட்காரும் பக்கம். எதிரணிக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்காதீர்கள். கோல்கீப்பரோடு வாய் கொடுக்கச் சொல்லும், பந்து வெளியே வந்தால் பிடித்து வைத்திருக்கச் சொல்லும், அங்கே இருந்துதான் எல்லாம் தொடங்கும்.

கத்துவது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. தொண்ணூறு நிமிடமும் ஒரே மூச்சாகக் கத்த முடியாது, முதல் இருபது நிமிடத்திலேயே தொண்டையை விட்டுவிட்டால், கடைசிப் பத்து நிமிடத்தில், பொடியன்களின் கால் இழுக்கிற நேரத்தில், உங்களிடம் சத்தம் இருக்காது. ட்ரம் அடிக்கிறவரைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்துங்கள், ஓரத்தில் நின்றால் பாதிப் பேருக்குத் தாளம் கேட்காது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நாற்பது பேர் சேர்ந்து தன் பெயரைச் சொல்வதை வெளியூரில் கேட்கிற பதினெட்டு வயதுப் பிள்ளையின் முகத்தை ஒருதரம் கிட்ட நின்று பாருங்கள். கோல் வாங்கின உடனே கத்துங்கள், கோல் போட்ட உடனே எல்லாரும்தான் கத்துவார்கள், வாங்கின அடுத்த நிமிடம் மைதானத்தில் அவர்கள் பதினொரு பேரும் தனியாக நிற்கிறார்கள்.

எதைச் சொல்லக்கூடாது என்பதும் முக்கியம். ஊர்ப் பெயரை, சாதியை, மதத்தைச் சொல்லிக் கத்துவது கிடையாது, ஒருவர் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். எங்கள் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறித்தான் கிடக்கின்றன, ஏறாவூரில் விளையாடுவோம், காத்தான்குடியில் விளையாடுவோம், கல்முனை சந்தாங்கேணியில் விளையாடுவோம், மறுகா அவர்கள் எங்களிடம் வருவார்கள். பள்ளிவாசலில் வாங்கு சொல்லும்போது ட்ரம்மை நிறுத்துங்கள், பக்கத்துக் கோயிலில் பூசை மணி கேட்டாலும் அப்படியே. நோன்பு மாதத்தில் சினேகபூர்வப் போட்டிக்குப் போனால் மைதானத்தடியில் நின்று சாப்பிடாதீர்கள், பஸ்ஸுக்குள் சாப்பிடுங்கள். சீனவெடி வேண்டாம், கூட்டத்துக்குள் ஒரு பிள்ளையின் கண் போனால் எந்தக் கிண்ணத்தாலும் ஈடுகட்ட முடியாது.

நடுவர் பிழை விடுவார். விட்டாலும் கயிற்றைத் தாண்டாதீர்கள். ரசிகர்களின் நடத்தைக்குக் கழகமே பொறுப்பு என்று பீஃபாவின் ஒழுக்காற்று விதியிலேயே இருக்கிறது, வந்த அணிக்கும் அது பொருந்தும், ஊர்ப் போட்டிகளிலும் ஏற்பாட்டுக் குழு அதைத்தான் பிடிக்கும். நீங்கள் உள்ளே ஓடினால் தண்டனை உங்களுக்கு இல்லை, ஆறு மாதம் விடியக்காலையில் எழும்பிப் பயிற்சி எடுத்த பிள்ளைகளுக்கு.

மெட்ச் முடிந்ததும் நேரே பஸ்ஸுக்கு. வென்றால் இன்னும் அவசரமாக. வெற்றி ஊர்வலத்தை உங்கள் ஊர்ச் சந்தியில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் வீதியில் வேண்டாம். தோற்றால் எதிரணிக்குக் கைகொடுத்துவிட்டு வாருங்கள். அப்புறம், நின்ற இடத்தில் போத்தலும் பார்சல் தாளும் கிடந்தால் பொறுக்கி ஒரு உரப்பையில் போட ஐந்து நிமிடம்தான். எங்கள் வெபர் மைதானத்துக்கு எத்தனையோ ஊர் ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள், அமெரிக்காவில் இருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளோடு பிள்ளையாக விளையாடின வெபர் பாதிரியாரின் பெயரில் இருக்கிற இடம் அது. அங்கே சுத்தமாகக் கூட்டிவிட்டுப் போன கூட்டத்தை அடுத்த வருடமும் பெயர் சொல்லி விசாரிக்கிறோம்.

யாழ்ப்பாணம், கொழும்பு என்றால் ஒரு நாளில் போய் வரலாம் என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்துக்கு ஹபரணை, வவுனியா வழியாக இரவு பஸ் சுகம், துரையப்பா மைதானம் பஸ் நிலையத்தில் இருந்து நடக்கிற தூரம், பொது நூலகத்துக்குப் பக்கம்தான். அதிகாலையில் போய் இறங்கினால் குளிக்கவும் கொஞ்சம் சரியவும் ஒரு மண்டபத்தையோ பள்ளிக்கூடத்தையோ அந்த ஊர்க் கழகம் மூலம் முதலே பேசுங்கள். ரயிலில் போனால் மாகோவில் மாற வேண்டும், கூட்டமாகப் போகிறவர்களுக்கு அது வீண் அலைச்சல். கொழும்புக்கு ரயில் நல்லது, நாற்பது பேர் என்றால் சீட்டை நேரத்தோடு பதிவு செய்யுங்கள், போயா சேர்ந்த நீண்ட விடுமுறை என்றால் இன்னும் நேரத்தோடு.

திரும்பும்போது பஸ் அசைய முன்னால் ஆட்களை எண்ணுங்கள். தலையை எண்ணினால் போதாது, கொப்பியைத் திறந்து பெயரைக் கூப்பிட்டு, அவரவர் வாயால் "இருக்கிறேன்" என்று சொல்லக் கேட்க வேண்டும். ஒருமுறை தலை எண்ணிக்கை சரியாக வந்தது, ஒரு பொடியன் தேத்தண்ணிக் கடையில் விடுபட்டிருந்தான், வழியில் ஏற்றிக்கொண்ட வேறொருவரைச் சேர்த்து எண்ணியிருக்கிறோம். இருபது கிலோமீட்டர் திரும்பிப் போனோம், கடை பூட்டியிருந்தது, கடைக்கு முன்னால் வாங்கில் கழகக் கொடியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழவில்லை. நாங்கள்தான் அழுதோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை பஸ் நின்று புறப்படும்போதும் பெயர் கூப்பிடுகிறோம், இரவு ஒரு மணிக்கும், எல்லாரும் தூக்கத்தில் இருந்தாலும்.

ஊருக்குள் வந்த பிறகும் வேலை இருக்கிறது. வாழைச்சேனையில் இருவர், ஏறாவூரில் நால்வர், தன்னாமுனையில் ஒருவர் என்று இறங்கிக்கொண்டே போவார்கள். சந்தியில் இறக்கிவிட்டுப் போகாதீர்கள், ஆட்டோவோ வீட்டு ஆளோ வரும்வரை பஸ் நிற்கட்டும். வீட்டுக்குள் போனதும் "வந்திட்டேன்" என்று ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள், வந்த பெயருக்கு நேரே கோடு போடுங்கள், பத்து நிமிடத்தில் வராவிட்டால் நீங்களே கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் உங்கள் போனில் சார்ஜ் இருக்க வேண்டும், அதனால் பவர்பேங்கைப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கேட்கக் கொடுத்துவிடாமல் உங்கள் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.